கார் சீட்டின் நிறத்தை மாற்றுவது: எது நிற்கும், எது உரியும்

கேள்வி இதுதான். காரின் உள்பக்கம் முழுவதும் அடர் சாம்பல். சீட்டுகள் மட்டும் வேறொரு காரிலிருந்து கழற்றி வந்தவை, வெளிர் பழுப்பு. முன்சீட் லெதர் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள், பின்சீட் ரெக்சின் மாதிரி இருக்கிறது. லெதர் டை ஒரு பாட்டில் வாங்கித் துணியில் நனைத்துத் தேய்த்தால் சாம்பலாகிவிடுமா? உட்கார்ந்து எழுந்தால் உடையில் ஒட்டுமா? எத்தனை காலம் தாங்கும்?

மாற்றலாம். ஒழுங்காகச் செய்தால் உடையில் ஒட்டாது, சில ஆண்டுகள் நன்றாகவே இருக்கும். வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போகிறீர்கள் என்பதால் பாதி வேலை உங்களுக்குச் சுலபமாகிவிட்டது. ஆனால் நீங்கள் சொன்ன முறையில், அதாவது டை பாட்டிலும் துணியுமாக இறங்கினால், கண்டிப்பாக உடையில் ஒட்டும். ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரிந்துவிட்டால் மற்ற எல்லா முடிவுகளையும் நீங்களே எடுக்கலாம்.

டை என்றால் சாயம். துணிக்கும், பச்சைத் தோலைப் பதனிட்டு எடுத்த மேற்பூச்சு இல்லாத தோலுக்கும் சாயம் ஏற்றலாம். சாயம் நாருக்குள் ஊறிப் போய் அங்கேயே தங்கும். கார் சீட்டில் இருக்கும் லெதர் பெரும்பாலும் அந்த வகை இல்லை. தொழிற்சாலையிலேயே அதன் மேல் நிறமிகள் கலந்த ஒரு மெல்லிய பூச்சு போட்டு, அதற்கு மேல் நிறமில்லாத இன்னொரு பாதுகாப்புப் பூச்சும் போட்டிருப்பார்கள். நீங்கள் கையால் தொடுவது தோலை இல்லை, அந்தப் பூச்சைத்தான். ரெக்சின் என்று நாம் சொல்வது துணியின் மேல் படிய வைத்த பி.வி.சி. பிளாஸ்டிக். இரண்டிலுமே சாயம் ஊற வழி கிடையாது. செருப்புக்கும் பெல்டுக்கும் போடும் ஸ்பிரிட் சாயத்தைத் தேய்த்தால் அது மேலேயே காய்ந்து தூளாக உட்காரும். வியர்வை பட்டதும் கரைந்து சட்டையின் முதுகில் ஏறும்.

ஆகவே உங்களுக்கு வேண்டியது சாயம் இல்லை, வளையும் தன்மையுள்ள நிறப் பூச்சு. கடையில் இதற்கும் டை என்றே பெயர் ஒட்டி விற்பார்கள், அதனால்தான் இவ்வளவு குழப்பம். பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள். நிறமியும் அக்ரிலிக் அல்லது பாலியூரித்தேன் பிசினும் கலந்தது என்று இருந்தால் அது பூச்சு. ஸ்பிரிட்டில் கரைத்த சாயம் என்று இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது, உங்களிடம் உண்மையில் இருப்பது என்ன பொருள் என்று கண்டுபிடிப்பது. விற்றவர் சொன்னதை நம்ப வேண்டாம். லெதர் சீட் என்று வரும் பல கார்களில் உட்காரும் இடமும் முதுகு சாயும் இடமும் மட்டும்தான் தோல். பக்கவாட்டு, பின்பக்கம், சில சமயம் ஹெட்ரெஸ்ட் எல்லாம் ரெக்சின். ஒரே சீட்டில் இரண்டும் தையலில் சேர்ந்திருக்கும். சீட்டைக் கவிழ்த்து, அடியில் உறை மடித்து மாட்டியிருக்கும் ஓரத்தைப் பாருங்கள். உள்பக்கம் பஞ்சுபோல நார் நாராக இருந்தால் தோல், நெய்த துணியோ பின்னலோ தெரிந்தால் ரெக்சின் அல்லது பி.யு. லெதர், அதாவது துணியின் மேல் பாலியூரித்தேன் படலம் போட்ட செயற்கைத் தோல். மேல்பக்கத்தில் உள்ள வரிகளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தோலின் மேலும் அச்சுப் பதித்த வரிகள் இருக்கும்.

தோல் என்று உறுதியான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். முத்துப்போல அப்படியே நின்றால் பூச்சுள்ள தோல், நம் வேலைக்கு ஏற்றது. உள்ளே இழுத்துக்கொண்டு அந்த இடம் கறுத்தால் பூச்சில்லாத அனிலின் வகை. கார்களில் இது அரிது, விலை உயர்ந்தவற்றில் வரும். அதன் மேல் நிறப் பூச்சு போட்டால் நிறம் மாறும், ஆனால் தோலின் மென்மையும் இயல்பான மங்கலும் போய்விடும். நான் என்றால் அதைத் தொட மாட்டேன். நூபக், ஸ்வேட், அல்கான்டாரா மாதிரி ரோமம் எழும்பி நிற்கும் பரப்புகளையும் விட்டுவிட வேண்டும். பூச்சு பட்டால் ரோமம் ஒட்டிக்கொண்டு பரப்பு முரடாகிவிடும்.

பி.யு. லெதரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மேலேயுள்ள தோல் போன்ற படலம் செதில் செதிலாக உதிர ஆரம்பித்திருந்தால், ஈரப்பதத்தில் அந்தப் பாலியூரித்தேனே சிதைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதன் மேல் எதைப் பூசினாலும் அடியோடு பெயர்ந்து வரும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் உறையை மாற்றுவதுதான் வழி, நிறத்துக்குச் செலவு செய்யாதீர்கள். அதேபோல, வெயிலில் காய்ந்து அட்டைபோல விறைத்துப்போன பழைய ரெக்சினுக்கும் நிறம் உயிர் கொடுக்காது. பி.வி.சி.யை மென்மையாக வைத்திருக்கும் பிளாஸ்டிசைசர் மெல்ல மெல்ல வெளியேறிவிட்டது. இனி வளைத்தால் அது வெடிக்கும், வெடித்தால் புதுப் பூச்சும் சேர்ந்தே வெடிக்கும்.

சரி, பொருள் தெரிந்துவிட்டது. வேலையைத் தொடங்குவதற்கு முன் பாதுகாப்பு பற்றிப் பேசியாக வேண்டும்.

பல கார்களில் முன்சீட்டின் பக்கவாட்டுக்குள் ஏர்பேக் இருக்கிறது. அந்த இடத்துத் தையல், விபத்தின்போது பிரிந்து வழிவிடும்படி வேண்டுமென்றே அப்படித் தைக்கப்பட்டது. அந்தத் தையலின் மேல் பசையோ பள்ளம் நிரப்பும் பட்டியோ தடித்த பூச்சோ படக் கூடாது. தையல் பிரிந்திருக்கிறதே என்று சாதாரண நூலால் நீங்களே தைக்கவும் கூடாது. மெல்லிய நிறப் படலம் தையலை அடைக்காத அளவுக்கு இருக்கட்டும். சீட்டைக் கழற்றுவதாக இருந்தால் பேட்டரியின் இணைப்பை எடுத்துவிட்டு, அந்தக் காரின் சர்வீஸ் கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருந்து, பிறகுதான் சீட்டுக்கு அடியில் இருக்கும் வயர்களைப் பிரிக்க வேண்டும். ஏர்பேக்கின் கனெக்டர் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். சீட் வெளியே இருக்கும்போது சாவியைத் திருப்பினால் எச்சரிக்கை விளக்கு எரிந்து, அதைப் போக்கத் தனியாக ஸ்கேனர் தேவைப்படலாம். பக்கத்துச் சீட்டில் ஆள் இருப்பதை அறியும் உணரி, சூடேற்றும் கம்பி எல்லாம் உறைக்குக் கீழே இருப்பதால், தண்ணீரையோ திரவத்தையோ ஊற்றி ஊறவிடாதீர்கள். இவை எல்லாம் இருந்தும் சீட்டை வெளியே எடுத்துச் செய்வதையே நான் சொல்வேன். காருக்குள் குனிந்துகொண்டு, மூச்சில் ஆவி ஏற, எட்டாத மூலைகளோடு போராடிச் செய்த வேலைக்கும் மேசையில் வைத்துச் செய்த வேலைக்கும் உள்ள வித்தியாசம் பார்த்ததும் தெரியும். வயர்களைப் பிரிப்பதில் தயக்கம் இருந்தால் அதற்கு மட்டும் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

இப்போது சுத்தம் செய்வது. இந்தப் பதிலில் ஒரு பத்தியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். பூசிய நிறம் உரிந்துவிட்டது என்று வரும் பெரும்பாலான புகார்களுக்குக் காரணம் பூச்சு இல்லை, அடியில் இருந்த அழுக்கும் எண்ணெயும் பாலிஷும்தான். சீட் பளபளப்பாக இருக்கட்டும் என்று ஆண்டுக்கணக்கில் தடவிய பாலிஷ்களில் சிலிகான் இருக்கும். சிலிகான் மேல் எதுவும் ஒட்டாது. பூச்சு காயும்போதே மீன் கண் மாதிரி வட்ட வட்டமாக விலகி அடிநிறம் எட்டிப் பார்க்கும். அல்லது அன்றைக்கு அழகாக ஒட்டியது போலக் காட்டிவிட்டு, ஒரு மாதம் கழித்து டேப்பைப் போல நீளமாக உரிந்து வரும். எனக்கே நடந்திருக்கிறது. ஆரம்ப காலத்தில் நான் செய்த ஒரு சீட்டில் எல்லா இடமும் நன்றாக இருந்தது, ஹெட்ரெஸ்ட் மட்டும் மூன்றே வாரத்தில் உரிந்தது. தலை எண்ணெய் ஊறிய இடம் அது. மற்ற இடங்களுக்குச் செய்த அதே சுத்தத்தை அதற்கும் செய்தேன், அதற்கு மூன்று மடங்கு வேண்டியிருந்தது. அந்தச் சீட்டின் உரிமையாளரிடம் மன்னிப்புக் கேட்டு, சுரண்டி எடுத்து, முதலிலிருந்து செய்து கொடுத்தேன். அன்றிலிருந்து ஹெட்ரெஸ்ட், கை வைக்கும் இடம், தொடை உரசும் முன் ஓரம் ஆகிய மூன்றையும் தனியாக எண்ணிச் சுத்தம் செய்வது வழக்கமாகிவிட்டது.

முதலில் வேக்குவம். தையல் இடுக்குகளில் சேர்ந்த மணலை எடுக்காமல் தேய்த்தால் அதுவே கீறும். பிறகு லெதர் கிளீனர் அல்லது மிதமான சோப்பு நுரை, மென்மையான பிரஷ். ஒரு கையளவு இடம் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, அடுத்த இடம் போங்கள். துணி வெள்ளையாகத் திரும்பி வரும்வரை இது நடக்க வேண்டும். காய்ந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை வெள்ளைத் துணியில் தொட்டுத் துடையுங்கள், எண்ணெயும் மெழுகும் போகும். துணியை அடிக்கடி மாற்றுங்கள். ஒரே துணியால் துடைத்துக்கொண்டே போனால் ஒரு இடத்துச் சிலிகானை எடுத்து இன்னொரு இடத்தில் தடவுகிறீர்கள். நிறப் பூச்சு விற்கும் நிறுவனங்களே பிரிப்பரேஷன் திரவம் என்று ஒன்று விற்கும். அது பழைய பாதுகாப்புப் பூச்சின் பளபளப்பை உடைத்து, புதிய பூச்சுக்குப் பிடிப்பு கொடுக்கும். வாங்குவது நல்லது. சிலர் லெதரில் அசிட்டோனால் துடைப்பார்கள். கைப்பழக்கம் இருப்பவருக்கு அது சரி, ஆனால் அதே துணி பக்கத்தில் இருக்கும் ரெக்சினில் பட்டால் நொடியில் இளகி வடு விழும். முதல் முறை செய்பவர் அசிட்டோனைத் தொட வேண்டாம்.

அப்புறம் உப்புத்தாள். 800 அல்லது 1000 நம்பர், இல்லையென்றால் சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட். அழுத்தம் வேண்டாம், பளபளப்பு மங்கினால் போதும். தூசியைத் துடைத்து, மறுபடி ஆல்கஹால் துணி, பிறகு நன்றாகக் காய விடுங்கள். முடிந்தால் ஒரு இரவு. இதற்குப் பிறகு வெறும் கையால் சீட்டைத் தொடாதீர்கள், விரல் எண்ணெய் போதும் ஒரு கறை விழ.

வெடிப்புகள் இருந்தால் இந்தக் கட்டத்தில்தான் சரிசெய்ய வேண்டும். ஓட்டுநர் ஏறி இறங்கும் பக்கத் திண்டில்தான் அதிகம் இருக்கும். உதிரும் ஓரங்களை 400 நம்பர் தாளால் மட்டப்படுத்தி, வளையும் லெதர் ஃபில்லரை மெல்லிய மெல்லிய படலமாக, ஒன்று காய்ந்த பிறகு அடுத்தது என்று தேய்த்து ஏற்றுங்கள். கார் பாடிக்குப் போடும் பட்டியை எடுத்துவிடாதீர்கள், அது வளையாது. கிழிந்த இடமாக இருந்தால் உள்ளே ஒரு துணிப் பட்டையைச் செருகி, வளையும் பசையால் ஒட்டிய பிறகு ஃபில்லர். நிறம் வெடிப்பை மறைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், ஒரே நிறமான பரப்பில் பள்ளம் இன்னும் எடுப்பாகத் தெரியும்.

இனி நிறம். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், பலர் அவசரப்படுவதும் இங்கேதான்.

காரின் உள்நிறத்துக்கு என்று ஒரு குறியீட்டு எண் இருக்கும், வண்டியின் அடையாளத் தகட்டிலோ கதவுச் சட்டத்தின் ஸ்டிக்கரிலோ பெரும்பாலும் கிடைக்கும். அதை வைத்துக் கலந்து தரும் நிறுவனங்கள் உண்டு. ஆனால் உங்கள் டாஷ்போர்டும் கதவும் இத்தனை ஆண்டு வெயிலில் இருந்தவை. தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் சாம்பலும் இன்றைய சாம்பலும் ஒன்றாக இருக்க வாய்ப்பு குறைவு. அதனால் எண்ணில் தொடங்கி, கண்ணில் முடிக்க வேண்டும். ஒப்பிட எடுத்துக்கொள்ளும் இடத்தை முதலில் நன்றாகக் கழுவுங்கள். அழுக்கோடு ஒப்பிட்டு அழுக்கின் நிறத்தையே கலந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கறுப்பையும் வெள்ளையையும் கலந்தால் சாம்பல் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படி வரும் சாம்பலில் ஒரு நீலச் சாயல் இருக்கும். கார்களின் உள்ளே இருக்கும் சாம்பலில் பெரும்பாலும் கொஞ்சம் மஞ்சளோ பழுப்போ பச்சையோ ஒளிந்திருக்கும். உங்கள் கலவை நீலமாகத் தெரிந்தால் காவி மஞ்சளை ஊசிமுனையளவு சேருங்கள். பச்சையாகத் தெரிந்தால் ஒரு துளி சிவப்பு. அடர் நிறமிகள் வலிமையானவை, ஒரு சொட்டு அதிகமானாலும் திரும்பி வர நிறைய வெள்ளையைக் கொட்ட வேண்டியிருக்கும். கிராம் காட்டும் சின்னத் தராசில் 50 கிராம் மட்டும் சோதனையாகக் கலந்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு போட்டீர்கள் என்று எழுதி வையுங்கள். விகிதம் கிடைத்ததும் முழு வேலைக்கும் தேவையானதை ஒரே தடவையில், கொஞ்சம் கூடுதலாகவே, கலந்து வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் இரண்டு சீட்டும் இரண்டு நிறமாக நிற்கும். மீதியை ஒரு சின்னப் புட்டியில் அடைத்து வைத்தால் பின்னால் கீறல் விழும்போது கைகொடுக்கும்.

தண்ணீரில் கரையும் பூச்சுகள் ஈரமாக இருக்கும்போது பால் கலந்ததுபோல வெளுத்துத் தெரியும், காய்ந்ததும் அடர்ந்துவிடும். ஆகவே ஈரத்தில் ஒப்பிடாதீர்கள். சீட்டின் அடிப்பக்கம் ஒரு பொட்டு வைத்து ஹேர் டிரையரால் உலர்த்திப் பாருங்கள். வெளிச்சம் மாறினால் நிறமும் மாறும். சூரிய வெளிச்சத்தில் அச்சு அசலாக ஒத்துப்போன இரண்டு சாம்பல்கள், மஞ்சள் பல்பின் கீழே ஒன்று பச்சையாகவும் ஒன்று ஊதாவாகவும் பிரிந்து நிற்கலாம். வெயில், நிழல், இரவில் காரின் உள்விளக்கு என்று மூன்றிலும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எல்லா வெளிச்சத்திலும் நூறு சதவீதம் பொருந்துவது கடினம். பகல் நிழலில் பொருந்தினால் நான் ஏற்றுக்கொள்வேன், ஏனென்றால் காரின் உள்பக்கத்தை நாம் அதிகம் பார்ப்பது அந்த வெளிச்சத்தில்தான்.

பளபளப்பும் நிறத்தில் சேர்ந்ததுதான். நிறத்துக்கு மேல் கடைசியாகப் போடும் நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சைக் கிளியர் என்பார்கள். ஒரே புட்டியிலிருந்து பூசிய சாம்பல் பளபளப்பான கிளியரின் கீழே ஆழமாகவும் மங்கலான (மேட்) கிளியரின் கீழே வெளுத்தும் தெரியும். எனவே சோதனைப் பொட்டின் மேல் கடைசிக் கிளியரையும் போட்டுப் பார்த்த பிறகே கலவை சரி என்று சொல்ல முடியும். கார் உட்பக்கங்கள் பெரும்பாலும் மங்கலானவை. சீட்டை மினுக்கினால், நிறம் பொருந்தியிருந்தாலும் பொருந்தாதது போலவே கண்ணுக்குப் படும்.

உங்களுக்குத் தேவையில்லை என்றாலும், இதற்கு நேர் எதிராகச் செய்ய நினைப்பவர்களுக்காக ஒரு வரி: கறுப்புச் சீட்டை வெள்ளையாகவோ கிரீமாகவோ மாற்ற முடியும், ஆனால் பூச்சுகள் இரட்டிப்பாகும், தடிமன் ஏறும், சின்னக் கீறல் விழுந்தாலும் கறுப்பு எட்டிப் பார்க்கும். மனசு கேட்காவிட்டால் உறையை மாற்றிக்கொள்வது நிம்மதி.

பூசுவதற்கு வருவோம். தோலுக்கும் ரெக்சினுக்கும் இங்கே வழி கொஞ்சம் பிரிகிறது. ரெக்சினுக்கென்று வரும் கரைப்பான் வகைப் பூச்சுகள், பெரும்பாலும் ஸ்பிரே டப்பாவில் வருபவை, பி.வி.சி.யின் மேற்பரப்பைச் சற்றே இளக்கி அதோடு பின்னிக்கொள்ளும். அதனால் பிடிப்பு பலமானது. தோலுக்குத் தண்ணீர் வகைப் பூச்சு மென்மையாக இருக்கும். உங்கள் சீட்டுகளில் இரண்டு பொருளும் கலந்திருப்பதால், இரண்டுக்கும் பொருந்தும் தண்ணீர் வகைப் பூச்சு ஒன்றையே முழுதுக்கும் பயன்படுத்தி, ரெக்சின் பகுதிக்கு மட்டும் அதே நிறுவனத்தின் பிடிப்பு பிரைமரை முதலில் போடுவது நல்லது. இரண்டு வெவ்வேறு பூச்சுகளை வைத்து ஒரே சாம்பலைக் கொண்டுவருவது பெரிய தலைவலி.

முதல் பூச்சை ஸ்பாஞ்சால் போடுங்கள். கொஞ்சமாகத் தொட்டு, மெல்லியதாகத் தேய்த்துத் தடவி, வரிகளுக்குள்ளும் தையல் ஓரங்களிலும் இறங்கச் செய்ய வேண்டும். தையலை விரலால் விரித்துப் பிடித்தபடி உள்மடிப்பிலும் தடவுங்கள். விட்டுவிட்டால் ஆள் உட்கார்ந்ததும் மடிப்பு திறந்து பழுப்புக் கோடு தெரியும். இந்தப் பூச்சு திட்டுத் திட்டாக, அசிங்கமாகத்தான் இருக்கும். பயந்து இன்னும் அப்பிவிடாதீர்கள். ஹேர் டிரையரை ஒரு இடத்தில் நிறுத்தாமல் நகர்த்தி உலர்த்துங்கள், ஒரே இடத்தில் சூடு பட்டால் தோல் சுருங்கும்.

அடுத்த பூச்சுகள் ஸ்பிரேயில். சின்ன எச்.வி.எல்.பி. கன் (குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்றால் அடிக்கும் ஸ்பிரே கன்), 0.8 முதல் 1.2 மி.மீ. நாசில், 20 முதல் 30 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம், 15 முதல் 20 செ.மீ. தூரம். டப்பா ஸ்பிரே என்றால் கொஞ்சம் தள்ளி, 25 செ.மீ. அளவில். பனி விழுவது போலப் படிய வேண்டும், ஈரமாகப் பளபளக்கும் அளவுக்கு அடிக்கக் கூடாது. கையை நிறுத்தி நிறுத்தி அடிக்காமல், சீட்டுக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள். ஒன்று காய்ந்து அடுத்தது என்று உங்கள் நிறத்துக்கு மூன்று அல்லது நான்கு போதும். சீட் வளைகிறது, நீள்கிறது, அழுந்துகிறது. மெல்லிய படலம் அதோடு சேர்ந்து வளையும், தடித்த படலம் வெடிக்கும். ஸ்பிரே வசதி இல்லாவிட்டால் கடைசிவரை ஸ்பாஞ்சால் முடிக்கலாம். கடைசிப் பூச்சில் மட்டும் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தால் கோடு தெரியாது.

மழைநாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் கரைப்பான் வகைப் பூச்சு வெண்மை பூத்துவிடும், தண்ணீர் வகை காயவே காயாது.

சல்லடைபோலத் துளைகள் உள்ள சீட்டா? அப்படியானால் ஸ்பாஞ்ச் வேண்டாம், முழுதும் மிக மெல்லிய ஸ்பிரேதான். அடைந்த துளைகளை ஈரம் காய்வதற்குள் காற்றடித்தோ ஊசியாலோ திறந்துவிட வேண்டும். வேறு நிறத் தையல் நூலைக் காப்பாற்ற ஆசை இருந்தால், அது ஏறக்குறைய முடியாத காரியம். நூல் சீராக நிறம் ஏற்காது, மறைத்துப் பூசவும் சிரமம். நூலும் சாம்பலாகட்டும் என்று விட்டுவிடுங்கள். உங்கள் காரில் அது பொருந்தியே போகும்.

சீட்டோடு சேர்த்து சீட் பெல்டையும் சாம்பலாக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. பெல்ட்டின் நாடா உயிரைத் தாங்கும் பொருள், சாயமும் கரைப்பானும் அதன் இழைகளைப் பலவீனமாக்கக்கூடும். நிறம் பொருந்த வேண்டுமானால் பொருத்தமான நிறத்தில் புது பெல்ட் வாங்கி மாட்டுங்கள்.

கடைசியாகக் கிளியர் கோட். நீங்கள் கேட்ட "உடையில் ஒட்டுமா" என்ற கேள்விக்கான பதில் இந்தப் படலத்தில்தான் இருக்கிறது. நிறப் பூச்சு தனியாக உராய்வைத் தாங்காது. அதன் மேல் பாலியூரித்தேன் கிளியரை, கிராஸ்லிங்கர் என்னும் கெட்டிப்படுத்தும் திரவம் சேர்த்து, இரண்டு மூன்று மெல்லிய பூச்சாகப் போட வேண்டும். கிராஸ்லிங்கரின் அளவு சிறியது, டப்பாவில் சொன்ன சதவீதத்தை மீறாதீர்கள், அதிகமானால் படலம் விறைக்கும். சேர்த்த பிறகு சில மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும், அதனால் அப்போதைக்கு வேண்டியதை மட்டும் கலந்துகொள்ளுங்கள். ஜீன்ஸின் நீலம் சீட்டில் ஏறாமல் தடுப்பதும் இதே படலம்தான்.

இந்தத் திரவங்கள் உடம்புக்கு நல்லவை இல்லை. கிராஸ்லிங்கர்களில் சில, தோலில் பட்டால் ஒவ்வாமையை உண்டாக்கும், அது ஒருமுறை வந்தால் திரும்பத் திரும்ப வரும். நைட்ரைல் கையுறை, கரைப்பான் ஆவியை வடிகட்டும் கரி ஃபில்டர் உள்ள முகமூடி, திறந்த வெளி, அருகில் நெருப்போ பற்றவைக்கும் எதுவுமோ இல்லாமை, இவ்வளவும் வேண்டும். துணி முகமூடி தூசியைத்தான் தடுக்கும்.

தொட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்தது போலத் தெரியும். உட்காருவதற்கு ஒரு நாளாவது பொறுங்கள். உள்வரை முழுதாக இறுக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரம் தண்ணீர், கிளீனர், குழந்தை சீட், இறுக்கமான கவர் எதுவும் வேண்டாம். அதன் பிறகு பராமரிப்பு சுலபம், ஈரத்துணியும் மிதமான லெதர் கிளீனரும் போதும். சிலிகான் பாலிஷை மறுபடி கொண்டுவராதீர்கள், நாளைக்குத் தொடுபூச்சு செய்ய வேண்டிவந்தால் அதே சுரண்டல் வேலை காத்திருக்கும். ஆல்கஹால் சானிடைசர் காயாத கையோடு சீட்டைத் தொடுவதையும், கொசு விரட்டும் திரவம் தடவிய காலோடு உட்காருவதையும் தவிருங்கள். இரண்டுமே படலத்தை மென்மையாக்கிக் கறைபடுத்தும்.

எத்தனை காலம் என்று கேட்டீர்கள். பின்சீட் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். ஓட்டுநர் சீட்டின் வெளிப்பக்கத் திண்டு, ஏறி இறங்கும்போது உரசும் இடம், முதலில் தேயும். ஓரிரு ஆண்டில் அங்கே மட்டும் கலங்கலாகத் தெரிந்தால், சுத்தம் செய்து, எடுத்து வைத்த புட்டியிலிருந்து ஒரு பூச்சும் அதற்கு மேல் கிளியரும் போட்டால் பழையபடி ஆகிவிடும். முழுதாகச் செய்ய வேண்டியதில்லை.

முதலில் ஓட்டுநர் சீட்டில் கைவைக்காதீர்கள். பின்சீட்டின் ஹெட்ரெஸ்ட் ஒன்றை உருவி எடுத்து, சுத்தம் முதல் கிளியர் வரை எல்லாவற்றையும் அதில் செய்து முடியுங்கள். பிறகு ஒரு வாரம் விட்டு மூன்று சோதனை. கட்டை விரலால் அழுத்தி மடக்கிப் பாருங்கள், வெடிப்புக் கோடு வரக் கூடாது. மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள், டேப்பில் நிறம் வரக் கூடாது. ஈரமான வெள்ளைத் துணியால் இருபது முறை அழுத்தித் தேயுங்கள், துணி வெள்ளையாகவே இருக்க வேண்டும். டேப்பில் நிறம் வந்தால் சுத்தம் போதவில்லை, துணியில் வந்தால் கிளியர் போதவில்லை அல்லது இன்னும் இறுகவில்லை, மடக்கினால் வெடித்தால் பூச்சு தடிமன். மூன்றிலும் தேறிய ஹெட்ரெஸ்டைக் காரில் மாட்டி, கதவைச் சாத்தி, நிழலில் நின்று கண்ணாடி வழியாக டாஷ்போர்டோடு சேர்த்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் சீட்டைக் கழற்ற ஸ்பானரை எடுக்கலாம்.